யாரும் அடிக்காத காயம்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றிலுமாகச் சேர்த்து ஒரு காலைக்குள் பன்னிரண்டு பதினைந்து பேருக்கு வீடு தேடிப் போய் ரத்தம் எடுப்பவர் ஏஞ்சலம்மாள். வயது ஐம்பத்தொன்று. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் டாக்டர் வாலாம்பாள் நடத்தும் சின்ன லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை. முதலில் பாட்டில் கழுவத்தான் சேர்ந்தார். கழுவுகிற குழாயில் என்ன இருந்தது, ஒன்றுக்கு ஏன் ஊதா மூடி, இன்னொன்றுக்கு ஏன் நீல மூடி என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், "என்னைக் கேக்கறதுக்குப் பதிலா நீயே படிச்சுடேன்" என்று டாக்டர் அவரை ஒரு வருடப் படிப்புக்கு அனுப்பிவைத்தார்.

படித்த பிறகும் கேள்வி குறையவில்லை. எங்கே போனாலும் ஊசியைக் குத்துவதற்குள் எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்துவிடுவார். சாயங்காலம் ரிப்போர்ட்டைக் கவரில் போடுவதற்கு முன்னால் ஒருமுறை தானும் படிப்பார். அவருடைய கணவர் தனசீலன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சர். "நீ ரத்தம் எடுக்கப் போறியா, சாட்சி எடுக்கப் போறியா?" என்று கேலி செய்வார்.

போன செப்டம்பரில், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, தாராவியில் தௌசீப் வீட்டுக்குப் போகச் சொல்லி லேபிலிருந்து சீட்டு வந்தது. கீழே பெல்ட்டும் மணிபர்ஸும் தைக்கும் கார்கானா, மேலே வீடு. நிமிர்ந்து நிற்கிற இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். ரத்தம் கொடுக்க வேண்டியவள் தௌசீப்பின் மனைவி அஃப்ஷா. இருபத்தாறு வயது, மடியில் மூன்று மாதக் கைக்குழந்தை. எந்நேரமும் சோர்வாக இருக்கிறாள் என்று அந்தச் சந்தில், கல்லியில், கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஏஞ்சலம்மாளுக்கு அஃப்ஷாவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவளுடைய வாப்பாவுக்கு ஆறு வருடம் சுகர் பார்க்க மாதாமாதம் ரத்தம் எடுத்திருக்கிறார். வாப்பா தவறிய பிறகு அந்தக் குடும்பம் தாராவி வீட்டைக் கொடுத்துவிட்டு, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற கல்யாண் என்ற ஊருக்குக் குடிபோனது. அஃப்ஷா மட்டும் கல்யாணமாகித் தாராவிக்கே திரும்பி வந்தாள்.

"கையை நீட்டு பிள்ள."

அஃப்ஷா இடது கையின் சட்டையை மேலே தள்ளினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப்போயிருந்தது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் பச்சையும் மஞ்சளும்.

"இது என்னட்டி?"

"படியில இடிச்சுக்கிட்டா" என்று மாமியார் ரஷீதா அடுப்படியிலிருந்து சொன்னார்.

அதே நேரத்தில் அஃப்ஷாவும் வாயைத் திறந்தாள். "எனக்கே தெரியல ஆன்ட்டி. காலைல எந்திரிச்சா இப்பிடி இருந்துச்சு."

ஒரே கேள்விக்கு ஒரே நேரத்தில் இரண்டு பதில். ஏஞ்சலம்மாள் அடுப்படியைப் பார்த்தார். ரஷீதா திரும்பவில்லை. அஃப்ஷா பிள்ளையைத் தோளுக்கு மாற்றியபோது கழுத்துக்குக் கீழே இன்னொரு நீலத் திட்டு தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்து தௌசீப் எதையோ எடுக்க மேலே வந்தான். தோல் வெட்டி உரமேறிய கைகள். மனைவியின் கையைப் பார்த்தான், ஏஞ்சலம்மாளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனான்.

ஏஞ்சலம்மாளுக்கு அது போதுமாயிருந்தது.

வலது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்தார். குத்திய இடத்தில் வைத்த பஞ்சு உடனே நனைந்தது. மாற்றி வைத்தார். அதுவும் நனைந்தது. வழக்கமாக ஒரு நிமிடம் அழுத்துவார், அன்றைக்கு ஐந்தாறு நிமிடம் அழுத்த வேண்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதைப் பற்றியே பத்துக் கேள்வி கேட்டிருப்பார். அன்றைக்கு மனம் வேறு பக்கம் போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, "அடிக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

"அல்லா! அவர் என் மேல கையே வச்சதில்ல ஆன்ட்டி."

இந்த வாக்கியத்தை ஏஞ்சலம்மாள் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார். சில வீடுகளில் அடுத்த மாதம் போகும்போது அதே பெண்ணின் முன்பல் இருக்காது. சயான் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கல்யாணில் இருக்கும் அஃப்ஷாவின் அண்ணன் யாசருக்கு போன் போட்டார். "தம்பி, உன் தங்கச்சியை ஒரு எட்டு வந்து பாரு. உடம்பெல்லாம் காயமா கெடக்கு. எனக்கு மனசே சரியில்ல" என்றார். அடிக்கிறான் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு, மிகவும் குறைவு. பிளேட்லெட் இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம். டெங்கு வந்த பிறகு மும்பையில் பிளேட்லெட் தெரியாத வீடு கிடையாது. ரத்தக்கசிவை நிறுத்துகிற அது இவளுக்குக் குறையவே இல்லை. அப்படியென்றால் அந்தக் காயம் அடிபட்டதுதான் என்று ஏஞ்சலம்மாள் இன்னும் உறுதியாக நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை யாசர் இரண்டு நண்பர்களோடு வந்தான். கார்கானாவிலிருந்து தௌசீப்பைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, கல்லியே பார்க்க அறைந்தான். யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். தௌசீப் நாலு மணி நேரம் போலீஸ் சௌக்கியில் உட்கார வைக்கப்பட்டான். அஃப்ஷா பிள்ளையோடு போய், என் புருஷன் என்னை அடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து அழைத்து வந்தாள். எழுதியதை வாங்கிக்கொண்ட போலீஸ்காரரும் நம்பவில்லை. கூட நின்ற அண்ணனும் நம்பவில்லை.

புதன்கிழமை காலை அதே வீட்டுக்கு மறுபடியும் சீட்டு வந்தது. ரத்தம் இவ்வளவு குறைந்திருக்கிறதே, இரும்புச் சத்து எவ்வளவு என்று பார்க்கச் சொல்லியிருந்தார் கல்லி டாக்டர்.

கீழே தௌசீப் உதடு வீங்கி, தையல் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். ஏணியடியில் யாசர் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தான். "வாங்க ஆன்ட்டி. நீங்க சொன்னதுதான் நல்லதாப் போச்சு. பன்னெண்டு மணிக்கு இவளைக் கல்யாணுக்கே கூட்டிட்டுப் போறேன். அதோட முடிஞ்சுது, கதம்" என்றான். தௌசீப் நிமிர்ந்து ஏஞ்சலம்மாளைப் பார்த்தான். போன் போட்டது யாரென்று அவனுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

மேலே அஃப்ஷா பையெல்லாம் கட்டிவைத்து உட்கார்ந்திருந்தாள். இடது கை திங்கட்கிழமை பார்த்ததைவிட இரண்டு பங்கு வீங்கி, தொட்டால் மரக்கட்டை போல இருந்தது. விரல்கள் மரத்துப்போகின்றன என்றாள். ஏஞ்சலம்மாள் வலது கையின் சட்டையை ஏற்றினார். அப்படியே நின்றுவிட்டார்.

முழங்கைக்கு நாலு விரல் மேலே, கையைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையம். ஓரிடத்தில் மட்டும் சதுரமாக, இன்னும் கறுப்பாக ஒரு தடம். அதற்குக் கீழே, முழங்கை மடிப்பில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நீல வீக்கம். திங்கட்கிழமை இந்தக் கையில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க ரத்தம் எடுத்துட்டுப் போனீங்கல்ல, அன்னைக்கு மத்தியானத்துல இருந்து."

ஏஞ்சலம்மாள் பையிலிருந்து தன் ரப்பர் பட்டையை எடுத்தார். இரண்டு விரல் அகலம். முனையில் சதுரமான பிளாஸ்டிக் கிளிப். கட்டாமல், அந்த வளையத்தின் மேல் மெல்ல வைத்துப் பார்த்தார். பட்டை வளையத்தின் மேலும், கிளிப் சதுரத்தின் மேலும் பிசகாமல் உட்கார்ந்தன. எலுமிச்சை வீக்கம் இருந்தது அவர் ஊசி போட்ட இடத்தில்.

இந்தக் கையைத் தௌசீப் தொடவில்லை. தொட்டது ஏஞ்சலம்மாள். தினமும் பதினைந்து பேருக்குக் கட்டுகிற பட்டை, அரை நிமிடம்கூடக் கட்டியிருக்க மாட்டார். அதற்கே இப்படிக் கன்றுகிறது என்றால், பிள்ளையைத் தூக்கினால், படுக்கையில் புரண்டால் என்ன ஆகும்? "காலைல எந்திரிச்சா இப்பிடி இருந்துச்சு" என்று அவள் சொன்னது அப்படியே உண்மையாக இருந்துவிட்டால்?

"ஏட்டி, உனக்கு முன்னாடி பல்லு கில்லு புடுங்கியிருக்கா?"

"காலேஜ் படிக்கைல ஒண்ணு எடுத்தாங்க."

"ரத்தம் நிக்காம வந்துச்சா?"

"இல்லையே. அன்னைக்கே ஐஸ்கிரீம் தின்னேன்."

"பிரசவத்துல?"

"நார்மல்தான் ஆன்ட்டி. ஒண்ணும் ஆகல. ஏன் கேக்கிய?"

"தெரியல. அதான் கேக்கேன்." நீல மூடிக் குழாய் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதற்கான குழாய் அது. "டாக்டர் எழுதாத டியூப் ஒண்ணு கூட எடுத்துக்கிடட்டா? எனக்கு ஒரு சந்தேகம். நீ வேண்டாம்னா வேண்டாம்."

அஃப்ஷா அந்தக் குழாயைப் பார்த்தாள். "எடுங்க. அவர் அடிக்கலன்னு அதுல வருமா?"

ஏஞ்சலம்மாள் குழாயில் அவள் பெயரை எழுதினார். இந்த முறை பட்டை கட்டவில்லை. புறங்கையில் இருப்பதிலேயே மெல்லிய ஊசியால் எடுத்து, இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே வந்தபோது யாசரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? அவருக்கே ஒன்றும் நிச்சயமில்லை. சொல்லாமல் நடந்தார். அந்த நடையை நினைத்தால் இப்போதும் அவருக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் வாலாம்பாளுக்கு அறுபத்தேழு வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் குழாயைப் பார்ப்பார். ஏஞ்சலம்மாள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பிளேட்லெட் நன்னா இருக்கே. பின்னே ஏன் கன்னிப்போறது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அந்த லேபில் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கப் பெரிய மெஷின் கிடையாது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்காக டாக்டர் கையாலேயே பார்ப்பார். ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளியும் மஞ்சள் நீரை, பிளாஸ்மாவை, எடுத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்த குழாயில் மருந்தோடு கலந்து, ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று வெள்ளை இழை கட்டி நின்றுவிடும். அதுதான் உறைந்த நேரம்.

இதில் இரண்டு பரிசோதனை உண்டு. முதலாவது சரியாகவே வந்தது, பதின்மூன்று விநாடி. இரண்டாவதற்கு முப்பது, நாற்பது விநாடிக்குள் இழை கட்ட வேண்டும். முப்பது ஆனது. நாற்பது, ஐம்பது. அஃப்ஷாவின் பிளாஸ்மா தண்ணீராகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. இருவரும் தொட்டியின் மேல் குனிந்திருந்தார்கள். தொண்ணூற்றாறாவது விநாடியில்தான் இழை தெரிந்தது.

"டியூப்ல ரத்தம் கம்மியா எடுத்தியோ? அதுவும் இப்படிப் பண்ணும்."

"கோடு வரைக்கும் இருக்கு டாக்டரம்மா."

மறுபடியும் செய்தார்கள். தொண்ணூற்றிநாலு.

"ரத்தம் உறையறதுக்கு வேண்டிய சாமான்ல ஏதோ ஒண்ணு இவகிட்ட இல்லை" என்றார் டாக்டர். "பொறவியிலேயே இல்லேன்னா பல்லு பிடுங்கினப்போவே தெரிஞ்சிருக்கும். பிரசவத்துல தெரிஞ்சிருக்கும். அப்போ இருந்திருக்கு, இப்போ இல்லை. எங்கே போச்சு?"

"யாரோ எடுத்துட்டாப்ல."

டாக்டர் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "அதைத்தான் பாக்கணும். நல்ல பிளாஸ்மா வேணும். யாருக்கு ஜுரம் கிரம் இல்லை?"

ஏஞ்சலம்மாள் சட்டைக் கையை ஏற்றினார். லேபில் வேலை செய்யும் மற்ற இரண்டு பேரும் கொடுத்தார்கள். மூன்று பேருடையதையும் கலந்து, அதில் பாதி, அஃப்ஷாவுடையதில் பாதி. சும்மா ஒரு சாமான் குறைகிறது என்றால், நல்ல பிளாஸ்மாவில் இருப்பது அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். நேரம் சரியாக வரும்.

முப்பத்தெட்டு விநாடியில் இழை கட்டியது.

"சரியாயிடுச்சே" என்றார் ஏஞ்சலம்மாள். ஏமாற்றமாகக்கூட இருந்தது. "அப்ப வெறும் குறைதானா?"

"அவசரப்படாதே. சிலது உடனே காட்டிக்காது." அதே கலவையையும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பிளாஸ்மாவைத் தனியாகவும் வெந்நீர்த் தொட்டியில் வைத்தார் டாக்டர். "ரெண்டு மணி நேரம் இருக்கட்டும்."

அந்த இரண்டு மணி நேரத்தில் ஏஞ்சலம்மாள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. மூன்று மணிக்குக் குழாய்களை எடுத்தார்கள். தனியாக வைத்த நல்ல பிளாஸ்மா முப்பத்தொன்றில் இழை கட்டியது. கலவை நாற்பதைத் தாண்டியது. ஐம்பது. அறுபது. எழுபத்திரண்டில் நின்றது.

அதில் பாதி ஏஞ்சலம்மாளும் மற்றவர்களும் கொடுத்த நல்ல பிளாஸ்மா. அதையும் ஏதோ தின்றிருந்தது.

"இவ உடம்பே எதிர்ப்பொருள் உண்டு பண்ணி, தன்னோட உறையற சாமானைத் தானே அழிச்சிண்டிருக்கு" என்றார் டாக்டர். "எனக்குத் தெரிஞ்சு அந்தச் சாமான் ஃபேக்டர் எட்டுதான். புஸ்தகத்துல படிச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு பார்த்திருக்கேன், அவர் எழுபது வயசுக்காரர். பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ வரும். பிள்ளை பெத்த கொஞ்ச மாசத்துல சில பேருக்கு வரதுண்டு. இவளைக் கத்தி படாம பாத்துக்கணும், ஏஞ்சல். ஒரு சின்ன கீறல் போட்டாக்கூட நிக்காது."

ஏஞ்சலம்மாள் அஃப்ஷாவுக்கு போன் போட்டார். எடுத்தது யாசர்.

"நர்ஸிங் ஹோம்ல இருக்கோம் ஆன்ட்டி. அந்த இடது கை வீக்கத்துல சீழ் வச்சிருக்காம். அஞ்சரைக்குக் கீறி எடுக்காங்க."

"வேண்டாம் தம்பி! கீறக் கூடாது. அது சீழ் இல்ல, ரத்தம். அவளுக்கு ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கு. தௌசீப் அடிக்கவே இல்ல."

"அவன் உங்ககிட்ட வந்து அழுதானா?" என்று யாசர் கேட்டான். லைன் துண்டானது. அப்புறம் அடித்த மூன்று முறையும் எடுக்கவில்லை.

டாக்டர் அதற்குள் லெட்டர்ஹெட்டில் எழுதி முடித்திருந்தார். நர்ஸிங் ஹோம் பெயர் தெரியாது, நம்பரும் தெரியாது. "நீ கிளம்பு. அந்த டாக்டரைப் பிடிச்சு என்கிட்ட போனைக் குடு. நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றார்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் கல்யாண் போகிற ஸ்லோ ரயில் கிடைத்தது. லேடீஸ் பெட்டியில் வாசல் பக்கம் நின்றபடி ஏஞ்சலம்மாள் யாசருக்கு மெசேஜ் அனுப்பப் பார்த்தார். அவனுக்குத் தமிழ் எழுத்து சரியாகப் படிக்க வராது. குரலில் பேசி அனுப்பினார். "தம்பி, அன்னைக்கு உனக்கு போன் போட்டது என் தப்பு. பாதி பாத்துட்டு முழுசா முடிவு பண்ணிட்டேன். எந்த நர்ஸிங் ஹோம்னு மட்டும் சொல்லு. நான் வந்து உன் கண்ணு முன்னால காட்டுதேன். அதுக்கப்புறம் உன் இஷ்டம்." டோம்பிவிலி தாண்டும்போது பதில் வந்தது. இடத்தின் பெயர் மட்டும்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்து பத்து. அஃப்ஷா பச்சை கவுன் மாட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் துணி விரிப்பில் தூங்கியது. யாசர் எழுந்து வந்து, "என்னத்தைக் காட்டப் போறீங்க?" என்றான்.

ஏஞ்சலம்மாள் அஃப்ஷாவின் வலது கையை மெல்லப் பிடித்து கவுனை ஏற்றினார். பையிலிருந்து பட்டையை எடுத்து அந்தக் கறுப்பு வளையத்தின் மேல் வைத்தார். கிளிப்பைச் சதுரத் தடத்தின் மேல் நகர்த்தினார்.

"இது யார் கட்டினது தெரியுமா? நான். திங்கக்கெழமை, ரத்தம் எடுக்கைல. உங்க வாப்பாவுக்கு ஆறு வருஷம் இதே மாதிரிதான் கட்டினேன். அவுக கையில எப்பவாச்சும் இப்பிடிப் பாத்திருக்கியா?"

யாசர் குனிந்து பார்த்தான். பட்டையை அவனே எடுத்துவிட்டுத் தடத்தைப் பார்த்தான், திரும்ப வைத்துப் பார்த்தான். பெஞ்சில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் சொன்னேன்ல" என்றாள் அஃப்ஷா. "எத்தனை தடவை சொன்னேன் அண்ணே."

நர்ஸிங் ஹோம் டாக்டர் இளவயசுக்காரர். முதலில் எரிச்சல்பட்டார். ரத்தம் எடுக்க வருகிற ஒரு அம்மாள் ஆபரேஷனை நிறுத்தச் சொல்வதா என்று முகத்தில் தெரிந்தது. ஏஞ்சலம்மாள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு போனையும் நீட்டினார். வாலாம்பாள் மறுமுனையில் எண்களைச் சொல்லச் சொல்ல, அவர் கடிதத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த எண்ணில் அவர் விரல் நின்றது. போனைக் கையால் மூடிக்கொண்டு நர்ஸிடம் தியேட்டர் வேண்டாம் என்றார். பிறகு அவரே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, மும்பையில் ரத்த நோய்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். "கத்தியை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!" என்று அவர் இந்தியில் முணுமுணுத்ததை ஏஞ்சலம்மாள் கேட்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏஞ்சலம்மாள் யாசரிடம், "மாப்பிள்ளைக்குச் சொல்லணும்ல. நீயே கூப்பிடு" என்றார். யாசர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கடைசியில் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னான். "வந்துருங்க மச்சான்" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் காலைக்குள் உறுதியாகிவிட்டது. ஃபேக்டர் எட்டு நூற்றுக்குக் குறைந்தது ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்த எட்டைத் தாண்டி வேறு வழியாக ரத்தத்தை உறைய வைக்கிற மருந்தை இரண்டு மூன்று மணிக்கொரு தடவை நரம்பில் ஏற்றினார்கள். எதிர்ப்பொருளை அடக்க ஸ்டீராய்ட் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவளால் வலது காலை நீட்ட முடியவில்லை. இடுப்புக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அன்று முழுதும் தௌசீப்பும் யாசரும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரஷீதா, மடியில் பிள்ளை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். ஆறாம் நாள் அவள் காலை நீட்டினாள். கையில் வீக்கம் வற்றத் தொடங்கியது, விரல்களுக்கு உணர்வு திரும்பியது. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏஞ்சலம்மாள் நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போதெல்லாம் அங்கிருந்த பெண் டாக்டரிடம் ஏதாவது கேட்டார். பிள்ளை பெற்றதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்பது மாதம் வேறொரு உயிரை உள்ளே வைத்துக் காப்பாற்றிய உடம்பு, அது வெளியே வந்த பிறகு ஏன் தன்னையே எதிரி என்று நினைக்கிறது? பால் கொடுத்தால் பிள்ளைக்கு வருமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் அந்த டாக்டரிடம் திட்டமான பதில் இருந்தது: பயமில்லை, கொடுக்கலாம். மற்றதற்கெல்லாம், "அது எங்களுக்கும் இன்னும் சரியாகத் தெரியாது அம்மா" என்றார். ஏஞ்சலம்மாளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தெரியாது என்று சொல்கிற டாக்டரை அவர் அதிகம் பார்த்ததில்லை.

தௌசீப் மட்டும் அவரிடம் பேசவில்லை. வார்டில் பார்த்தால் எழுந்து நிற்பான், மரியாதைக்கு. பிறகு வெளியே போய்விடுவான். அஃப்ஷா வீட்டுக்கு வந்த மறு வாரம் ஏஞ்சலம்மாள் தானாகவே கார்கானாவுக்குப் போனார். மத்தியானம், சாப்பாட்டு நேரம், மெஷின்கள் ஓய்ந்திருந்தன. தௌசீப் தோல் துண்டுகளை ஒதுக்கி ஸ்டூலைத் தள்ளினான்.

"தம்பி, நான் யாசர்கிட்ட சொன்னதுதான் இவ்வளவுக்கும் காரணம். என்னை மன்னிக்கணும்."

"சொன்னது தப்புன்னு நான் சொல்லல ஆன்ட்டி" என்றான் தௌசீப். "நிசமாவே ஒருத்தன் அடிச்சா நீங்க சொல்லத்தான் செய்யணும். ஆனா கீழதானே இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

அவன் தலையாட்டினான். "அது சரிதான். நம்பியிருக்க மாட்டீங்க." பிறகு, "எனக்கே ஒரு நாள் சந்தேகம் வந்துச்சு தெரியுமா? தூக்கத்துல கை கிய்யி பட்டு நாந்தான் அவளை இடிச்சிட்டனோன்னு. ரெண்டு வாரம் கீழ கார்கானால படுத்தேன். அம்மாகிட்டயும் சொன்னேன். அதான் அவுக, இவ படியில இடிச்சுக்கிட்டாள்னு சொன்னாவ. என்னைக் காப்பாத்தணும்னு. ஆனா நான் கீழ படுத்த அன்னைக்கும் புதுசா வந்துச்சு. அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா யாரு நம்புவான்னு விட்டுட்டேன்" என்றான்.

அன்றைக்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனது ஏன் என்று ஏஞ்சலம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. பையன் ஒருவன் டீ கொண்டுவந்தான். இருவரும் குடித்தார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எழுந்திருக்கும்போது, "மேல ஏறிப் பாத்துட்டுப் போங்க. முழிச்சுத்தான் இருப்பா" என்றான்.

டிசம்பர் கடைசியில் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம், கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். அஃப்ஷா இப்போது மாதம் ஒருமுறை மாட்டுங்கா லேபுக்குத் தானே வந்து ரத்தம் கொடுக்கிறாள். பிள்ளை நடக்கிறான், கைக்கு எட்டுவதையெல்லாம் இழுக்கிறான். வாலாம்பாள் தொட்டியில் குழாயைச் சாய்த்துப் பார்க்கும்போது அஃப்ஷாவும் ஏஞ்சலம்மாளும் இரு பக்கமும் நின்று ஸ்டாப்வாட்சைப் பார்ப்பார்கள். போன வாரம் முப்பத்திரண்டு விநாடி. அதற்கு முந்தின மாதம் முப்பத்தொன்று. அந்த ஒரு விநாடி ஏன் கூடிற்று என்று ஏஞ்சலம்மாள் கேட்டார். அதெல்லாம் ஒண்ணுமில்லை, கை வாகு, என்றார் டாக்டர். இருந்தாலும் ஏஞ்சலம்மாள் அடுத்த மாதத் தேதியை இரண்டு நாள் முன்னால் தள்ளிக் குறித்துக்கொண்டார்.